கடலுக்குப் பிழை போட்ட பெட்டி

பன்னிரண்டு வருடம் இரசாயனவியல் படிப்பித்த ஒருவன், இரண்டு சோதனைப் பெட்டிகளில் எதை நம்பலாம் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டு, தன்னைப் புகழ்ந்த பெட்டியைத் தெரிவுசெய்தான். அந்த மடையன் நான்தான். வேறு யாராவது சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தெரிவுசெய்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எப்படித் தெரிவுசெய்தேன் என்று ஆசிரியர் அறையில் இரண்டு நாள் விரிவுரையும் நடத்தினேன். கணித ஆசிரியர் குறிப்பெடுத்தார். பாவம், அவர் வீட்டில் மீனே இல்லை.

எழுபதுகளின் கடைசிப் பகுதி அது. வெளிநாட்டுச் சாமான்கள் கொழும்புக் கடைகளில் மறுபடியும் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. திருகோணமலையில், கடற்கரையிலிருந்து ஐந்து நிமிடச் சைக்கிள் தூரத்தில் குடியிருந்துகொண்டு, விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி கட்டி அதற்குள் கடலை வைத்துப் பார்க்க எனக்கு ஆசை வந்தது.

"கடல் பாக்கவேணுமெண்டால் ஒழுங்கை முடிவுக்குப் போனால் காணுமே?" என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்வி. அவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். இரத்தம், சலம், சளி என்று ஊரார் கொடுப்பதையெல்லாம் குழாயில் ஊற்றிப் பார்ப்பது அவள் தொழில். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண் யாராக இருந்தாலும் ஊருக்கு 'மிஸி'தான். அவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். என்னை 'மாஸ்டர்' என்றார்கள். வீட்டுக்குள் யார் மாஸ்டர் என்பது வேறு கதை.

மீன் கொண்டுவந்து தந்தவர் குடாவின் அக்கரையிலிருந்து வரும் கிண்ணியாக்காரர். என் வயதுதான் இருக்கும். முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு பாறைகளுக்கிடையில் மூழ்கி, அலங்கார மீன்களை உயிரோடு பிடித்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர். முதல் நாள் அவர் ஒரு பிளாஸ்ரிக் பையை என் தொட்டிக்குள் மெதுவாகச் சரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீலம் என்று அதுவரை நான் சொல்லிவந்ததெல்லாம் மைப் போத்தல் நீலம். பையிலிருந்து இறங்கிய விரலளவு மீனின் நீலம், பார்க்கப் பார்க்க உள்ளே இன்னொரு விளக்கு எரிவது போலிருந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேனாம். "வாய்க்குள்ளை இலையான் போகப்போகுது" என்றாள் மனைவி.

அந்த நீலம் ஒன்பது நாள் இருந்தது. அடுத்த தடவை வந்தவை ஆறு நாள். மூன்றாம் தடவை வந்தவை ஒரு வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போயின.

கிண்ணியாக்காரர் மூன்றாவது செய்தியைக் கேட்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

"மாஸ்டர், நான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு கீழ போய் உசிரோட கொண்டு வாறன். நீங்க கண்ணாடிக்குள்ள வச்சி மையத்தாக்கிறீங்க." பிணத்தை அவர்கள் மையத்து என்பார்கள்.

"தண்ணியிலைதான் ஏதோ பிழை. தண்ணியைச் சோதிக்கிற பெட்டி எடுப்பிக்கிறன்," என்றேன்.

"சோதிச்சிட்டுக் கூப்பிடுங்க," என்று போய்விட்டார்.

மீன் தொட்டியில் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சங்கதி. மீனின் கழிவு அழுகி நைத்திரைற்று என்ற உப்பாகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரித்தான் இருக்கும், மீன் மட்டும் செத்துப்போகும். சோதனைப் பெட்டியில் உள்ள மருந்தைச் சில துளி விட்டால், நைத்திரைற்று இருக்கிற தண்ணீர் ரோஸ் நிறமாகும், கூடினால் சிவக்கும். இல்லாவிட்டால் நிறமே வராது. இதை நான் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடக்கூடிய ஆள்.

ஒரு மாதத்துக்குள் இரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒன்று கொழும்புக் கடையில் நானே போய் வாங்கியது. உள்ளே சிவப்பு வெல்வெற்றுத் துணி, அதில் குழி குழியாக ஆறு போத்தல்கள், மினுங்குகிற நிற அட்டை. நிறம் வராவிட்டால் 'சிறப்பு' என்ற பொருளில் தங்க எழுத்தில் ஒரு வார்த்தை. கடையில் கொஞ்சக் காலம் கிடந்ததுபோல் மூடியில் தூசி இருந்தது. அதை நான் பழைமையின் கௌரவம் என்று எடுத்துக்கொண்டேன். மற்றது கப்பலில் வேலை செய்த மைத்துனர் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி அனுப்பியது. கறுத்தத் தகரப் பெட்டி. இரண்டு போத்தல், மூன்று குழாய், நாலே நாலு நிறமுள்ள ஒரு துண்டு. விளக்கம் எந்த மொழியென்று எங்கள் பாதிரியாருக்கே தெரியவில்லை. படங்களும் இலக்கங்களும் இருந்ததால் பிழைத்தேன்.

எதை நம்புவது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கடல்நீர் மீனுக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆகவே கடல்நீரை இரண்டு பெட்டியிலும் சோதிக்கவேண்டும். எந்தப் பெட்டி கடலை 'நல்லது' என்கிறதோ அது உண்மை பேசுகிறது. எவ்வளவு அழகான தர்க்கம்! சைக்கிளில் வாளியைக் கொழுவிக்கொண்டு, தொட்டிக்கு வழக்கமாகத் தண்ணீர் அள்ளும் இடத்துக்கே போனேன். இறங்குதுறைக்குப் பக்கத்தில் கற்களுக்கிடையில் ஒரு அமைதியான மூலை. அலை அடிக்காது, சப்பாத்து நனையாது. பத்து யார் தள்ளி மீன் வெட்டுகிறவர்கள் குடல் கழுவிய தண்ணீரை அந்த மூலைக்குள்தான் ஊற்றினார்கள். அவர்களோடு கதைத்துக்கொண்டேதான் நான் வாளியை நிறைத்தேன். இதற்கு மேல் என் கண்பார்வையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெல்வெற்றுப் பெட்டி: நிறமில்லை. 'சிறப்பு'. கறுத்தப் பெட்டி: மெல்லிய ரோஸ்.

"பாரும்," என்றேன் மனைவியிடம். "கடலுக்கே பிழை போடுது இது! என்ன துணிவு!"

அவள் அவசரமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கறுத்தப் பெட்டி அலுமாரிக்கு மேல் போனது.

அதன் பிறகு தினமும் காலையில் வெல்வெற்றுப் பெட்டியைத் திறந்து துளி துளியாக விட்டுப் பார்ப்பேன். சிறப்பு. மறுநாளும் சிறப்பு. வாத்தியார் தொழிலில் பிள்ளைகளுக்குச் 'சிறப்பு' எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிர, எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லை. நாளுக்கு ஒன்று கிடைத்தது. கிண்ணியாக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன்.

அவர் இந்தத் தடவை ஒரு வாளியோடு வந்தார். உள்ளே கையகலக் கல். கல்லில் புத்தகம் 'கடலனிமனி' என்று சொல்கிற பிராணி. அவர் 'பூ' என்றார், அதுவே பொருத்தம். நூறு விரல்கள் மெதுவாகக் காற்றைத் தடவுவதுபோல் அசைந்தது. அதன் நடுவில், கறுப்பும் மஞ்சளும் கலந்த உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டி போட்ட சோடி மீன்.

"மத்த மீனைப் பூ தொட்டா மீன் சாகும். இது ரெண்டும் அதுக்குள்ளதான் படுக்கும்," என்றார். "இதுகள நானே பிடிக்கிறதில்ல மாஸ்டர், ஒரே பாறையில நாலு வருசமாப் பாத்திருக்கன். உங்கட சோதனையை நம்பிக் கொண்டந்தன். கொஞ்சம் மாறாட்டம் தெரிஞ்சாலும் சொல்லுங்க, எடுத்த இடத்திலயே கொண்டு விட்டுருவன். செத்திச்செண்டா நான் இந்த ஒழுங்கைக்கு வரமாட்டன்."

சோடி இருந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம். பெரியது பெண், சின்னது ஆண். சின்னது ஒரு நாள் கல்லின் ஒரு பக்கத்தை வாயால் கொத்திக் கொத்தித் துப்புரவாக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் பின்னேரம் பாடசாலை விட்டு வந்து பார்த்தால், அந்த இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு. கிட்டப் போய்க் கண்ணாடியில் மூக்கை நசித்துப் பார்த்தேன். முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு அரிசி நுனி. நூற்றுக்கணக்கில், ஒன்றோடொன்று முட்டாமல், யாரோ கோடு கீறி அடுக்கியதுபோல். சின்னது அவற்றுக்கு மேல் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. விசிறும், ஒவ்வொன்றாக வாயால் தொட்டுப் பார்க்கும், மறுபடி விசிறும். சாப்பாடு போட்டேன், திரும்பவில்லை.

எங்கள் விறாந்தையில் கடல் குட்டி போடப்போகிறது! நான் கதிரையை இழுத்துப் போட்டு, அங்கேயே தேத்தண்ணி, அங்கேயே விடைத்தாள். மனைவியும் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். கலியாணம் ஆகி ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

முட்டை கண்ட மூன்றாம் நாள் காலை, சோடியோடு அவர் தந்துவிட்டுப் போன சின்னப் பச்சை மீன் அடியில் பக்கவாட்டாகக் கிடந்தது. ஓடிப்போய் வெல்வெற்றுப் பெட்டியைத் திறந்தேன். சிறப்பு.

"தண்ணி சிறப்பு. அது வயசு போய்ச் செத்திருக்கும்," என்றேன்.

மனைவி செத்த மீனைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே கேட்டாள்: "இஞ்ச பாருங்கோ, உந்தப் பெட்டி எப்பவாவது கெட்ட தண்ணியைக் கெட்டதெண்டு சொன்னதோ?"

"கெட்ட தண்ணி எங்கையிருக்கு? எல்லாம் நல்ல தண்ணிதானே?"

"அதைத்தானே கேக்கிறன். நாங்கள் ஆஸ்பத்திரியிலை சலத்திலை சீனி பாக்க முதல், ஒவ்வொரு நாள் காலமையும் சீனித் தண்ணியைப் போட்டுப் பாப்பம். மருந்து சிவக்கவேணும். சிவக்காட்டில் போத்தலைக் கொட்டிப்போடுவம். பிறகு வெறும் தண்ணி. அது சிவக்கக் கூடாது. ரெண்டும் சரிவந்தால்தான் ஆக்களின்ரை சலத்தைத் தொடுவம். நீங்கள் என்ன போட்டுப் பாத்தனீங்கள்?"

நான் கடலைப் போட்டுப் பார்த்தவன்.

"உங்கடை பள்ளிக்கூடத்து அலுமாரியிலை நைத்திரைற்று இல்லையோ?" என்றாள்.

இருந்தது. என் மேசையிலிருந்து எட்டடி தூரத்தில், என் கையெழுத்தில் பெயர் ஒட்டி, பன்னிரண்டு வருடமாக இருந்தது.

சைக்கிளில் போய் ஒரு சிட்டிகையைக் கடதாசியில் சுற்றி வந்தேன். அவள் குசினியிலிருந்து விளிம்பு உடைந்த மூன்று கோப்பைகளை எடுத்தாள். என்னை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு உள்ளே ஏதோ செய்தாள். கூப்பிட்டபோது மூன்று கோப்பையிலும் ஒரே மாதிரித் தெளிந்த தண்ணீர். கோப்பைகளின் அடியில் பிளாஸ்ரர்த் துண்டு ஒட்டிப் பென்சிலால் எழுதியிருந்தாள். தூக்கிப் பார்க்கக் கூடாது என்று கட்டளை.

முதலில் வெல்வெற்றுப் பெட்டி. மூன்று குழாய். மூன்றும் நிறமில்லை. சிறப்பு, சிறப்பு, சிறப்பு.

"மூண்டிலை ஒண்டிலையாவது நீர் நைத்திரைற்று போட்டனீரோ இல்லையோ?"

"போட்டனான்."

பிறகு அலுமாரி மேலிருந்து கறுத்தப் பெட்டியை இறக்கினாள். தூசி தட்டினாள். முதல் குழாயில் துளி விட்டோம். ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் மாதிரியே நின்றது. இரண்டாவதில் விட்டதும், குழாயின் மேல்பக்கத்தில் ஒரு புகை மாதிரி ஏதோ சுழன்றது. சுழன்று இறங்கி, ரோஸாகி, சிவந்து, முழுக் குழாயும் செவ்வரத்தம்பூ நிறமாயிற்று. பன்னிரண்டு வருடம் நிறமாற்றங்களைப் பலகையில் எழுதியவன் நான். அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்ததுபோலிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தண்ணீரில் இருந்த ஒன்று, கூப்பிட்டவுடன் எழுந்து நின்று தன் பெயரைச் சொல்வது போல. மூன்றாவது குழாயும் சிவந்தது.

"பிடிச்சிட்டன்!" என்றேன். "ரெண்டு கோப்பையிலை போட்டிருக்கிறீர். என்னை ஏமாத்தப் பாக்கிறீர்."

"நான் ஒண்டிலைதான் போட்டனான்."

கோப்பைகளைக் கவிழ்க்காமல் தூக்கிக் காட்டினாள். முதலாவதில் 'வடிநீர்'. ஒன்றும் கலக்காத சுத்தத் தண்ணீர், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது. இரண்டாவதில் 'மருந்து', அதாவது நான் கொண்டுவந்த நைத்திரைற்று. மூன்றாவதில் 'தொட்டி' என்று எழுதியிருந்தது.

இருவரும் திரும்பித் தொட்டியைப் பார்த்தோம். சின்னது விசிறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. கறுத்தப் பெட்டி அன்றைக்குக் கடலைப் பிழை சொல்லவில்லை, நான் அள்ளிய மூலையைச் சொன்னது. வெல்வெற்றுப் பெட்டியின் மருந்து எப்போதோ செத்துப்போயிருந்தது. குடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி ஊற்றி, கிழமைக்கொருக்கால் 'நல்ல தண்ணி மாத்தினேன்'. மீன் வெட்டு மும்முரமான மாதம் வேறு.

கிண்ணியாக்காரருக்கு ஆள் அனுப்பினோம். மத்தியானமே வந்துவிட்டார். கையில் வெறும் பை. தொட்டிக்கு முன் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"மீன் நல்லாத்தானே நிக்குது, மாஸ்டர்? எனக்கு ஒண்டும் தெரியல்லையே."

மனைவி சிவந்த குழாயை நீட்டினாள். வடிநீர்க் குழாயைப் பக்கத்தில் பிடித்தாள். என்ன செய்தோம் என்று மூன்று வசனத்தில் சொன்னாள். நான் சொன்னால் நாற்பது வசனம் ஆகியிருக்கும்.

அவர் குழாயைப் பார்த்தார், முட்டைகளைப் பார்த்தார்.

"இப்ப எடுத்தனெண்டா சோடி பிழைக்கும். முட்டை போயிரும். கல்லைத் தூக்கினா இதுகளே திண்டுரும்." "முட்டை வெடிக்க இன்னும் நாலஞ்சு நாள் கிடக்கு. அதுவரைக்கும் வைக்க ஏலுமா, மிஸி?"

"வெளியிலை நல்ல தண்ணி கிடைச்சால் பாதியைப் பாதியை மாத்தலாம். ஆனா ஊத்த முதல் ஒவ்வொண்டையும் பாக்கவேணும்."

"ஒரு கிழமை," என்றார் அவர். "கிழமை முடிய வந்து பாப்பன். அப்ப சொல்லுறன் விடுறதா எடுக்கிறதா எண்டு."

அன்று பின்னேரமே அவருடைய வள்ளத்தில் தண்ணீர் எடுக்கப் போனோம். நான் வந்தே தீருவேன் என்று நின்றேன். கழுத்தில் நூல் கட்டிச் சோதனைக் குழாய், சட்டைப் பையில் இரண்டு போத்தல், காலில் சப்பாத்து.

"கடலுக்குப் பரீட்சை வைக்கவா வாறீங்க?" என்றார்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, உலகப் புகழ் துறைமுகம் என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்தவன் நான். கோணேசர் மலையைத் தாண்டி வள்ளம் வெளியே எட்டிப் பார்த்த உடனேயே மத்தியானச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தேன். "அந்தப் பக்கம் அள்ளாதீங்க," என்று அவர் மறுபக்கம் கையைக் காட்டினார்.

மலை எங்களுக்கு மேல் நேராக நின்றது. உச்சிக் கோயில் மணி கேட்டது. கீழே தண்ணீர் நீலமும் இல்லை கறுப்பும் இல்லை. அடி இல்லாத எதற்கும் அந்த நிறம்தான் இருக்கும் போலும். அவர் ஒரு கலனை அமுக்கி நிறைத்தார். நான் குழாயில் எடுத்து, இரண்டு போத்தலிலிருந்தும் துளி விட்டு, மூடிப் பிடித்துக் குலுக்கி, சூரியனுக்கு நேரே தூக்கினேன்.

ஒன்றுமில்லை. காத்திருந்தேன். ஒன்றுமில்லை. கொட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். ஒன்றுமேயில்லை. குழாய்க்கூடாக அவருடைய முகம் தெளிவாகத் தெரிந்தது.

"எத்தின தரம் கேப்பீங்க, மாஸ்டர்? காட்டுங்க." வாங்கித் தானும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிற்று. "உங்கட தொட்டியில ரெண்டு மீன் பேலினதுக்கு அந்தச் சிவப்பு. இதுக்குள்ள எத்தின சுறா, எத்தின திருக்கை, திமிங்கிலம், எல்லாம் பேலி, எல்லாம் செத்து, எல்லாம் அழுகி... எங்க மாஸ்டர் போச்சு அதெல்லாம்?"

எனக்குப் பாடப்புத்தகத்து விடை தெரியும். பற்றீரியா, நைதரசன் வட்டம், அம்புக்குறி போட்ட படம். பரீட்சையில் எட்டுப் புள்ளி. அந்த இடத்தில் அது போதவில்லை. குடாவுக்குள் எங்கள் மகாவலி ஆறு கொண்டுவந்து கொட்டுகிற அத்தனையும், ஊர்களும் கப்பல்களும் ஊற்றுகிற அத்தனையும், இறங்குதுறை மூலையிலிருந்து ஊர்ந்து போகிற குடல் தண்ணீரும், ஆயிரம் ஆயிரம் வருடமாக இங்கே வந்துகொண்டிருக்கின்றன. துளி விட்டுக் கேட்டால் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு விரல் நீளக் கண்ணாடிக் குழாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். வாந்தியும் நின்றுவிட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த ஐந்து நாளும் மனைவிதான் எசமாட்டி. காலையில் முதலில் 'மருந்து'க் கோப்பை, பிறகு வடிநீர், அதற்குப் பிறகுதான் தொட்டி. மூன்றையும் கொப்பியில் எழுதினாள். சிவப்பு, இளஞ்சிவப்பு, ரோஸ், ரோஸா இல்லையா என்று நாங்கள் சண்டை பிடித்த ஒரு நாள், அதற்கு அடுத்த நாள் ஒன்றுமில்லை. எனக்குக் கொடுத்த வேலை வாளி தூக்குவது.

முட்டைகள் கறுத்து, பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் வந்தன. கண்கள். நூற்றுக்கணக்கான சோடிக் கண்கள் கல்லிலிருந்து எங்களைப் பார்த்தன. ஐந்தாம் நாள், பொழுதுபட்டதும் விறாந்தை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். றேடியோவில் செய்தி முடிகிற நேரம் மனைவி ரோர்ச்சை ஓரமாக அடித்தாள். தண்ணீர் முழுக்க மினுக்கம். கண் மட்டும் உள்ள நூல்துண்டுகள், உதறி உதறி மேலே வந்துகொண்டிருந்தன. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

அந்தக் குஞ்சுகள் இரண்டு நாள்கூட இருக்கவில்லை. அவற்றின் வாய்க்கு ஏற்ற தீனி எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கறுத்தப் பெட்டியிலும் அதற்கு மருந்து இல்லை. சோடி இருந்தது.

சொன்ன நாளில் கிண்ணியாக்காரர் வந்தார். சைக்கிள் கரியரில் வாளி, கையில் மடித்த பிளாஸ்ரிக் பை. எடுத்துப்போகிற ஆயத்தம். அவர் முதலில் மனைவியின் கொப்பியைக் கேட்டு வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு குழாயைக் கேட்டார். அவள் மூன்று கோப்பையும் செய்து காட்டினாள். 'மருந்து' சிவந்தபோது தலையாட்டினார், 'தொட்டி' நிறமின்றி நின்றபோது மறுபடி தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் தொட்டிக்கு முன் குந்தினார்.

சின்னது கல்லின் அதே பக்கத்தை மறுபடி கொத்தித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தது.

அவர் பையை நாலாய் மடித்து மடிக்குள் செருகினார். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு படலை வரைக்கும் போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பின்னால் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப, என்னை நம்பி விட்டிட்டுப் போறீங்கள்?"

"மிஸியை நம்பி."